தட்டிவிட்டு வரும் கார்

அந்தத் தெருவில் கார் வைத்திருந்தவர் பலர். வீட்டுக்கு வந்ததும் கதவைத் தட்டுகிற கார் ஒன்றே ஒன்றுதான். அது கண்ணாடிக்காரருடையது.

மேட்டில் முனகிக்கொண்டே ஏறி, வீட்டு வாசலில் ஒதுங்கி நிற்கும். அவர் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைப்பார். வண்டி ஒருமுறை உடம்பைச் சிலிர்த்துக்கொள்ளும். பின்பக்கத்தின் அடியிலிருந்து 'டொக், டொக்' என்று இரண்டு தட்டு கேட்கும். விரலை மடக்கி மரக்கதவில் தட்டினால் எப்படியோ அப்படி. உடனே உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வரும்.

"தொறந்துதான் இருக்கு!"

இந்த ஒரு வினாவும் ஒரு விடையும் அந்த இல்லறத்தில் எத்தனை ஆயிரம் மாலைகளைக் கடந்தன என்று எண்ணிப் பார்த்தவர் இல்லை.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக் கண்ணாடிக்காரர். கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் சாணைச் சக்கரத்தின் முன் அமர்ந்து, வில்லைகளின் விளிம்பைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவதே அவர் தொழில். சக்கரத்தின் மேல் நீர் சொட்டிக்கொண்டிருக்கும். அவர் விரல்நுனிகள் எந்நேரமும் ஊறி வெளுத்திருக்கும். ஒரு கண்ணாடி முடிந்ததும் அதைச் சன்னலுக்கு நேரே பிடித்து, கம்பிகள் வளையாமல் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே கீழே வைப்பார். வழியில் எதிர்ப்படுவோரிடம் பேசும்போதும் அவர் பார்வை அவர்களுடைய காதுக்குப் போய்விடும். கண்ணாடிக் காம்பு சரியாக அமர்ந்திருக்கிறதா என்று. இத்துணைத் துல்லியம் உள்ளவரின் கார் இப்படித் தட்டியதற்குக் காரணம், அவரே செய்த ஒரு பிழை. செய்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கார் அவர்கள் கைக்கு வந்த புதிதில், அதன் புகைக்குழாய் துருவேறி நடுவில் முறிந்து, சைலன்சர் தரையில் இழுபட்டது. மனைவியின் தம்பி, அப்போது பேருந்தில் கண்டக்டராக இருந்தவர், அன்றைக்கே சொன்னார்.

"அத்தான், கடையில விட்டுடுங்க. அவனுக்கு ஒரு மணி நேர வேலை."

"மயிரிழை பிசகாம கண்ணாடி மாட்டுறவன் மாப்ளே நான். ஒரு இரும்புக் குழாய மாட்ட மாட்டேனா?"

"கண்ணாடிக்கு மூக்கும் காதும் இருக்கு, தாங்கிக்கும். இதுக்கு என்ன இருக்கு?"

கண்ணாடிக்காரருக்கு வீம்பு ஏறியது. கார் செய்த கம்பெனியின் சைலன்சரை விட்டு, வேறு யாரோ செய்த சைலன்சர் ஒன்றை உதிரிபாகக் கடையில் வாங்கி வந்தார். "அச்சு அசலா பொருந்தும் சார்" என்று கடைக்காரர் சத்தியம் செய்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரரின் சட்டை பொருந்துமே, அப்படித்தான் பொருந்தியது. பழைய போல்ட்டுகள் துருப்பிடித்து அசைய மறுத்தன. எண்ணெய் விட்டார், சுத்தியலால் தட்டினார், மெல்லக் கெஞ்சியும் பார்த்தார். விடுமுறை நாள் முழுதும் வண்டிக்கு அடியிலேயே கழிந்தது. தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்த மனைவி, வண்டியின் பின்னால் குந்தி, குழாயின் மறுமுனையை இரு கைகளாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் மேல தூக்கு."

"இதுக்கு மேல தூக்கினா காரையே தூக்கிடுவேன்."

"பேசாம பிடி."

"பேசிக்கிட்டே பிடிச்சாதாங்க வலி தெரியல."

கடைசியில் குழாயைத் தொங்கவிடும் ரப்பர் வளையம், மாட்டும்போதே இரண்டாகக் கிழிந்தது. கடைகள் மூடியிருந்தன. கண்ணாடிக்காரர் அடியில் படுத்தபடியே தம்மை நொந்துகொண்டார். அவள் எழுந்து உள்ளே போனாள். தன் தையல் மெஷினின் தோல்வாரைச் சக்கரத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்தாள். அதை நான்காக மடித்து, கொக்கிக்கும் குழாய்க்குமாகச் சுற்றி, சட்டைக்குப் பித்தான் வைத்து முடிகிற முடிச்சையே அங்கும் போட்டாள். அவர் கொடுத்த அளவு ஒரு விரல் கூடுதல். அவள் போட்ட முடிச்சு ஒரு விரல் தளர்வு. இரண்டும் சேர்ந்து குழாய் சற்றே தாழ்ந்து தொங்கியது. இஞ்சின் அணையும் நேரத்துச் சிலிர்ப்பில் அது எழும்பி, மேலே இருந்த தகட்டில் இருமுறை முட்டியது.

சரிசெய்துவிடுகிறேன் என்று அவர் பலமுறை சொன்னார். அவள் விடவில்லை.

"இருக்கட்டுமே. மத்தவங்க வீட்டு ஆம்பளைங்க சொல்லாம கொள்ளாம உள்ள நுழையறாங்க. எங்க வீட்டுக்காரரு மட்டுந்தான் கதவத் தட்டிட்டு வர்றாரு."

அந்தச் சைலன்சர் அவர்களோடு வாழ்ந்தது. பிள்ளையில்லாத வீட்டில் அந்தத் தட்டு ஓர் ஆள் போல இருந்தது.

மறதி அவளுக்குப் பொருள்களின் பெயரில் தொடங்கியது. கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கு என்னங்க பேரு, வெட்டுமே" என்றாள். பிறகு தெருக்கள் போயின. பிறகு முகங்கள். தம்பியை மட்டும் மறக்கவில்லை. இடுப்பில் தூக்கிச் சுமந்தவன் என்பதால் அவன் வேர் ஆழமாக இறங்கியிருந்தது போலும். ஓய்வு பெற்றிருந்த கண்டக்டர் அந்த வீட்டுக்கே வந்து தங்கி, பகலில் தமக்கையைப் பார்த்துக்கொண்டார். கணவரின் முகம் அவளை விட்டுப் போன நாள் எது என்று எவருக்கும் தெரியாது. ஏனெனில் மாலைதோறும் கார் தட்டியது. அவள் "தொறந்துதான் இருக்கு" என்றாள். அவர் உள்ளே வந்தார். ஓசை முன்னே வந்து சான்று சொன்னதால், பின்னே வந்த முகத்தை அவள் ஐயுறவில்லை. தேநீர் குடித்து முடிக்கும் வரையேனும் அவர் அவளுடைய கணவராக இருந்தார். அந்தச் சிறு பொழுதுக்காகவே கண்ணாடிக்காரர் தள்ளாத வயதிலும் கடைக்குப் போய்வந்தார் என்று சொன்னால் அது மிகையன்று. வீட்டிலேயே இருந்துவிட்டால், வீடு திரும்புவது எப்படி?

இந்நிலையில் சைலன்சர் மீண்டும் ஓட்டையாயிற்று. சிறிது சிறிதாக அரித்து, வயிற்றுப் பக்கம் கை நுழையும் அளவுக்குத் துளை விழுந்தது. வண்டிக்குள் புகை ஏறியது. ஒருநாள் முன்னிருக்கையில் உட்கார்ந்து வந்த கண்டக்டர் இருமியே ஓய்ந்துவிட்டார்.

"அத்தான், இது கார் இல்ல, கொசு மருந்து வண்டி. இதுல அக்காவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா போற வழியிலேயே படுக்கை போட்டுடணும். இந்தத் தடவை கடைதான். ரைட் ரைட்!"

மனைவியைச் சொன்னதும் அவர் மறுக்கவில்லை. மறுநாள் சைலன்சர் கடையில் வண்டியை விட்டார்.

கடைக்காரர் கைதேர்ந்தவர். அவரும் வெளியாள் செய்த சைலன்சரைத்தான் போட்டார்; ஆனால் குழாயை அளந்து, வளைத்து, பற்றவைத்து, வண்டியோடு பிறந்தது போலப் பொருத்தினார். புது ரப்பர் வளையங்கள் மாட்டினார். கழற்றிய பழைய குழாயோடு கறுத்துச் சுருண்ட ஒரு தோல் துண்டும் பழைய இரும்பு வண்டியில் போயிற்று. அதைக் கண்ணாடிக்காரர் பார்க்கவில்லை. இஞ்சினை ஓட்டியும் அணைத்தும் காட்டினார் கடைக்காரர்.

"கேட்டீங்களா? ஒண்ணுமே கேக்கல இல்ல? அதான் வேலை."

உண்மையிலேயே ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்காரருக்கும் அந்த நேரத்தில் மகிழ்ச்சியாகவே இருந்தது. நல்ல வேலையை மதிக்கத் தெரிந்தவர் அவர்.

அன்று மாலை வண்டி மேட்டில் ஓசையில்லாமல் ஏறி, வாசலில் ஓசையில்லாமல் நின்றது. அவர் சாவியைத் திருப்பினார். அமைதி. அந்த அமைதிக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் தாம் செய்தது இன்னதென்று அவருக்கு உறைத்தது. பிறகு இறங்கி உள்ளே போனார்.

அவள் நாற்காலியில் வாசலைப் பார்த்தபடி இருந்தாள். அவரைக் கண்டதும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள்.

"யாருங்க நீங்க? அவரு இன்னும் வரல. வெளிய நில்லுங்க."

"நான்தாம்மா."

"தம்பி! இங்க வாடா, யாரோ உள்ள வந்துட்டாங்க!"

கண்டக்டர் ஓடிவந்தார். அத்தானின் முகத்தைப் பார்த்து, தமக்கையின் முகத்தைப் பார்த்து, அவளை மீண்டும் நாற்காலியில் அமர்த்தினார். கண்ணாடிக்காரர் வெளியே வந்து படியில் நின்றார். சிறிது நேரம் கழித்து, விரலை மடக்கிக் கதவில் இருமுறை தட்டிப் பார்த்தார்.

உள்ளேயிருந்து அவள் தம்பியிடம் சொல்வது தெளிவாகக் கேட்டது.

"தொறக்காதடா. அவரு கையால தட்ட மாட்டாரு. அவருக்குக் காருதான் தட்டும்."

அடுத்த மாலையும் அவ்வாறே. அதற்கடுத்த மாலையும். அவள் இருட்டும்வரை வாசலைப் பார்த்திருந்தாள், உணவை ஒதுக்கினாள், அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அழுதாள். யாருக்காக அழுதாளோ அவர் எதிரிலேயே உட்கார்ந்து, அந்தக் கண்ணீரைத் துடைக்கவும் உரிமையற்றவராய் இருந்தார். கடையில் சக்கரத்தில் தேய்க்கும்போதே ஒரு வில்லை விளிம்பில் உடைந்தது. அப்படி உடைத்து அவருக்குப் பழக்கமில்லை.

விடுமுறைக்கு முந்தைய நாள் சைலன்சர் கடைக்குப் போனார்.

"வேலையில குறையாங்க அய்யா?"

"குறையே இல்ல. அதுதான் குறை. வண்டிய அணைச்சா பழையபடி ரெண்டு தட்டு தட்டணும்."

கடைக்காரர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக் காரணம் கேட்டார். கண்ணாடிக்காரர் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார், கடைக்காரர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"என் கடையிலேருந்து ஆட்டம் குடுக்கிற வேலைய நான் எப்படிங்க வெளிய அனுப்புவேன்? சத்தியமா என் கைக்கு அது வராது. நீங்களே செஞ்சுக்குங்க. ஆனா ஒண்ணு. முன்பக்க ஜாயிண்டுல கைய வைக்காதீங்க, புகை உள்ள வந்துடும், ஆளையே கொன்னுடும். பின்னாடி தொங்குற ரப்பர மட்டும் கழட்டி, வேற எதையாவது தளர்வா கட்டுங்க." ஸ்பேனரை மறுபடி எடுத்துக்கொண்டு, "நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க, கடைக்கு அவமானம்" என்றார்.

மறுநாள் காலை, கண்ணாடிக்காரர் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, அதை நம்பாமல் இருபுறமும் மரக்கட்டைகளை அடுக்கி, பழைய கோணி ஒன்றை விரித்து அடியில் நுழைந்தார். முன்பு ஒரே நொடியில் நுழைந்த உடம்பு இப்போது முழங்கை முழங்கையாக நுழைந்தது. ரப்பர் வளையத்தைக் கழற்றுவதற்குள் விரல் கணுக்கள் கிழிந்தன. பிறரின் நல்ல வேலையைக் கெடுப்பது இவ்வளவு கடினம் என்று அவர் அறிந்திருக்கவில்லை.

வண்டியின் பின்னால் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. அவர் அறிந்த பாதங்கள்.

"கடையிலேருந்து வந்தீங்களா பெரியவரே?"

அவர், "ஆமாம்மா" என்றார்.

"இந்த வயசுல உங்கள அனுப்புறாங்களே, வேற ஆளு இல்லையா? கையெல்லாம் ரத்தம். இருங்க."

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பம்பர் ஓரமாக வைத்தாள். அவர் தலையை வெளியே நீட்டி வாங்கிக் குடித்தார். அவள் போகவில்லை. பின்னால் குந்தி உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாள்.

"முன்ன எங்க வீட்டுக்காரரே மாட்டினாரு. நான்தான் பிடிச்சுக்கிட்டேன். ஒரு நாள் பூரா. அவருக்கு இந்த வேலை சுத்தமா தெரியாது, ஆனா தெரியாதுன்னு சொல்ல மாட்டாரு." சிரித்தாள். "நல்ல மனுஷன். இப்ப ரெண்டு மூணு நாளா வீட்டுக்கு வரல."

குழாயின் இருளைப் பார்த்தபடி அவர் கேட்டார். "வந்துடுவாரும்மா. அந்தக் குழாயக் கட்ட ஒரு தோல்வார் வேணும். உங்க தையல் மெஷின்ல இருக்கிறத தருவீங்களா?"

பாதங்கள் ஓர் அடி பின்வாங்கின.

"அது எப்படிங்க தர முடியும்? அவரு கேட்டா குடுப்பேன். உங்களுக்கு எப்படிக் குடுக்கிறது?"

அவள் தைப்பதை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அவரே உள்ளே போய் அதைக் கழற்றியிருக்கலாம். அவள் அறியப் போவதில்லை. ஆனால் கொடுக்க மாட்டேன் என்றவளிடமிருந்து எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. படுத்தபடியே தம் இடுப்பு பெல்ட்டை உருவினார். அதை நீளவாட்டில் கிழித்து, கொக்கிக்கும் குழாய்க்குமாகச் சுற்றினார். அவள் போட்ட முடிச்சை நினைவிலிருந்து போட்டுப் பார்த்தார். மூன்றாம் முறைதான் அது அமைந்தது. அதற்குள் அவள் உள்ளே போயிருந்தாள்.

"மாப்ளே, ஸ்டார்ட் பண்ணி அணைங்க."

கண்டக்டர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, "வண்டி கிளம்புது, படியில நிக்காதீங்க" என்று வழக்கப்படி சொல்லிச் சாவியைத் திருப்பினார். அணைத்ததும் ஒரே ஒரு தட்டு. கண்ணாடிக்காரர் வாரை அரை விரல் இளக்கினார். மறுபடியும். இப்போது மூன்று. சற்றே இறுக்கினார். மறுபடியும்.

டொக், டொக்.

"தொறந்துதான் இருக்கு!"

உள்ளேயிருந்து பாதங்கள் ஓடிவந்தன. சேலைக் கரை தரையில் புரண்டது. வண்டிக்கு அடியில் படுத்திருந்த அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கணுக்கால்களும் அவற்றின் அவசரமும்தான். அவை அவர் முகத்துக்கு ஒரு முழத்தில் கடந்து, ஓட்டுநர் கதவருகே போய் நின்றன. கதவு திறந்தது.

"நீ ஏன்டா அவரு சீட்டுல உக்காந்திருக்க? அவரு எங்க?"

கண்டக்டர் இருக்கையிலிருந்து இறங்கினார்.

"வண்டி மட்டும் வந்துருக்கு, அவரு எங்கடா?"

பாதங்கள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தன. அவருடைய கால்கள் வெளியே நீண்டிருந்த இடத்தில் அவற்றைத் தாண்டிக்கொண்டு நடந்தன. அப்போது அவர் தம்மைப் படைத்தவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன கேட்பது என்றும் தெரியவில்லை.

"அவரு வந்துக்கிட்டே இருக்காருக்கா" என்றார் கண்டக்டர். "நீ உள்ள போய் டீ போட்டு வை."

அவள் போனதும் கண்ணாடிக்காரர் மறுபக்கமாக ஊர்ந்து வெளியே வந்தார். இருவரும் கட்டைகளை அகற்றி வண்டியை இறக்கினர். அவர் வாசல் குழாயில் கைகழுவி, முகம் துடைத்து, தளர்ந்த கால்சட்டையைச் சட்டையால் மறைத்துக்கொண்டார். கண்டக்டர் சாவியை நீட்டினார். வழக்கமான 'ரைட்' அவர் வாயில் வரவில்லை. வண்டியின் மேற்கூரையில் கையால் தட்டி மட்டும் அனுப்பினார்.

மேடு இறங்கி, முனையில் திரும்பி, கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு அவர் திரும்பி வந்தார். வாசலில் நின்றார். சாவியைத் திருப்பினார். டொக், டொக்.

"தொறந்துதான் இருக்கு!"

அவள் அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். எங்கே போய்விட்டீர்கள் என்று கடிந்தாள். தேநீர் கொடுத்தாள். கண்டக்டர் சுவர்ப்பக்கம் திரும்பி எதையோ தேடுவது போல நின்றார்.

"உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? காலையிலேருந்து ஒரு பெரியவரு வண்டிக்கு அடியிலேயே கிடந்தாரு. பாவம், கையெல்லாம் கிழிஞ்சு. இடுப்புல பெல்ட்டு கூட இல்ல. சொல்லிக்காமலே போயிட்டாரு. கூலி குடுத்தீங்களா?"

"குடுத்தேம்மா."

"வீட்ல அவருக்கு யாரு இருக்காங்களோ. இந்த வயசுல ஒத்தையில விட்டுட்டாங்க. என் மெஷின் வாரக் கேட்டாரு. குடுத்திருக்கலாமோ?"

"பரவாயில்ல. அவரு ஒண்ணும் தப்பா நெனச்சிருக்க மாட்டாரு."

அவள் அவர் விரல்களைத் தடவிக்கொண்டே இருந்தாள். கிழிந்த கணுக்களில் அவள் விரல் பட்டபோது சற்று நின்றது, பிறகு தொடர்ந்தது. தேநீர் ஆறத் தொடங்கியது. அவர் வேண்டுமென்றே மெல்லக் குடித்தார். கடைசி வாய் தேநீரை விழுங்காமல் வைத்திருந்தார்.

கோப்பையை அவர் கீழே வைத்த ஓசையில் அவள் நிமிர்ந்தாள். அவரை உற்றுப் பார்த்தாள். தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, எழுந்து தம்பியிடம் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அந்தப் பெரியவரு இன்னும் போகலையாடா? அவரு வர்ற நேரமாச்சே."

கண்டக்டர் அத்தானைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் எழுந்து, கால்சட்டையைச் சரிசெய்துகொண்டு, மேசை மேலிருந்த சாவியை எடுத்தார்.

"நான் கிளம்புறேம்மா."

"சரிங்க பெரியவரே. பாத்துப் போங்க. எங்க வீட்டுக்காரரு வந்ததும் நீங்க வந்தீங்கன்னு சொல்றேன்."

அவர் வெளியே வந்து காரில் ஏறினார். தோல்வார் நாளடைவில் நெகிழும், தட்டு மாறும், அப்போது மறுபடி அடியில் படுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். உடம்பு இடம் கொடுக்கும் வரை படுக்கலாம். மேடு இறங்கி, முனையில் திரும்பி, கடைத்தெருவைச் சுற்றி வந்தார். வீட்டின் முன் வண்டியை ஒதுக்கி, கண்ணை மூடிக்கொண்டு, சாவியைத் திருப்பினார்.